பொருந்தியது: ஒன்று

எஸ்.பி. ரோட்டில் சந்துக்குள் ஒரு சந்தில்
எழுநூறு ரூபாய்க்குப் பழைய டிரைவ்.
கடைக்காரர் கன்னடத்தில் சத்தியம் செய்தார்.
நான் தமிழில் நம்பாமல் வாங்கி வந்தேன்.

எந்த சிடியைப் போட்டாலும்
அது கொஞ்சம் முந்தித் தொடங்கும்.
ஒரு வினாடியை
நாற்பத்து நாலாயிரத்து நூறாக நறுக்கினால்
அதில் ஆறு துண்டு.
கண்டுபிடிக்க, எல்லார் வீட்டிலும் கிடக்கும்
ஏதோ ஒரு சினிமா சிடி போதும்.
உலகத்தில் இருநூறு பேர் அதை ஏற்கெனவே படித்து
எண்ணைப் பதிந்து வைத்திருக்கிறார்கள்.
ஆறைக் கழித்தேன்.
இருநூறு பேரோடும் ஒத்துப்போனது.
(நேரத்துக்கு முன்னால் போய் நிற்கிற ஆள்தான் நானும்.
பெலிக்ஸ் அதைக் கழித்துக்கொண்டுதான் கிளம்புவான்.)

பிறகு எங்கள் சிடி.
காக்ஸ் டவுன் கோவில் பாடகர் குழு,
தவக்காலம், இரண்டாயிரத்து ஒன்று.
முந்நூறு அச்சடித்து, இருநூற்றுச் சொச்சம்
மரியசூசை சாரின் கட்டிலுக்கு அடியிலேயே தங்கிவிட்டது.
அட்டையில் பதினெட்டுப் பேர்.
இரண்டாம் வரிசை, இடது ஓரம்,
மைக் கம்பிக்குப் பின்னால் பாதி முகம், நான்.

கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்தேன்,
நடுவிலிருந்து விளிம்புக்கு, நேராக.
வட்டமாகத் துடைத்தால்
கீறல் பாட்டோடு சேர்ந்து ஓடும்.

ஆறு பாட்டு சுத்தம்.
ஏழில் டிரைவ் முனக ஆரம்பித்தது.
படித்த இடத்தையே படித்தது,
எட்டு முறை, பதினாறு முறை,
மறந்த வரி வரட்டுமென்று
முந்தைய வரியையே சொல்லிக்கொண்டிருக்கும்
பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"பாட்டு கேக்குதுல்ல? அப்புறம் என்ன?"
என்றான் பெலிக்ஸ், போர்வைக்குள்ளிருந்து.

கேட்கிறது. அதுதான் சிக்கல்.
படிக்க முடியாத இடத்தில்
முன்னதைப் பார்த்து, பின்னதைப் பார்த்து
நடுவில் ஒரு நியாயமான பொய்யை வைக்கும் இந்த இயந்திரம்.
காது சரி என்று வாங்கிக்கொள்ளும்.
நான் ஆஸ்பத்திரி பில் சரிபார்க்கிறவள்,
ரெசிடென்சி ரோட்டில், இன்சூரன்ஸ் ஆபீசில்.
நியாயமான பொய்களில்தான் என் சம்பளமே.

அதோடு, ஏழாவது பாட்டில்
மூன்று நிமிடம் பதினோரு வினாடியில்
ஆல்டோவில் ஒருத்தி அரை சுருதி இறங்கிவிடுவாள்.
ஒருத்தி என்ன ஒருத்தி.
குணசீலி திரும்பிப் பார்த்தாள்.
அந்தப் பார்வை மட்டும் பதிவாகவில்லை.
ஸ்டுடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை,
மறுபடி பாடக் காசில்லை.
இத்தனை வருடமாக யார் கேட்டாலும்
என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது:
"அது சிடியில கீறல்."

தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் கரண்ட் போனது.
பெஸ்காமுக்கு இசை ஞானம் கிடையாது.
மெழுகுவர்த்தி தேடாமல் உட்கார்ந்திருந்தேன்.
வந்ததும் முதலிலிருந்து.

நள்ளிரவு தாண்டி எட்டு எழுத்து வந்தது,
எண்ணும் ஆங்கிலமும் கலந்து.
பக்கத்தில்:
பொருந்தியது. உறுதி: ஒன்று.

அப்படியென்றால் கீறல் இல்லை.
அரை சுருதி இறங்கியது
துண்டு துண்டாகச் சரியாக இருக்கிறது.
தப்பில் ஒரு தப்பும் இல்லை.

அப்படியென்றால், இன்னொன்றும்.
எங்கோ ஒருவர்
இதே சிடியை இழுத்துப் போட்டு,
துடைத்து, காத்திருந்து,
என் அரை சுருதியை
ஒரு துளி சிந்தாமல் எடுத்து வைத்திருக்கிறார்.
குணசீலியிடம் கம்ப்யூட்டரே கிடையாது.
கனடா போன டெனர் ராயப்பனா?
கோவில் திருவிழாக் கடையில் ஐம்பது ரூபாய் கொடுத்த யாரோவா?
எண் பெயர் சொல்லாது.
கூப்பிட்டு மன்னிப்பும் கேட்க முடியாது,
நன்றியும் சொல்ல முடியாது.

பெலிக்ஸ் தூங்கிவிட்டான்.
டிரைவ் எட்டாவதுக்குப் போனது, முனகலே இல்லாமல்.
அந்தப் பாட்டில் நான் பயந்துபோய்
வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன்.

அதுவும் பொருந்தியது.